எங்கள் பாட்டு, ‘ஆரது படலையில்’

எங்கள் பாட்டை எங்களுக்கே சொல்லித் தர வந்தார்கள். அதுவும் நாங்கள் ஞானஸ்நானம் பெற்ற தேவாலயத்தில், அண்ணை மூன்றாவது வாங்கில் உட்கார்ந்திருக்க, முன்னால் வெள்ளைத் திரையில் வரிகளைப் பெரிய எழுத்தில் போட்டு வைத்துக்கொண்டு.

மாசி மாதம், அறுப்பின் பண்டிகை. பீடத்துக்கு முன்னால் வாழைக்குலையும் பூசணிக்காயும் மரவள்ளிக் கிழங்கும் குவிந்திருந்தன. யாரோ காணிக்கையாகக் கொண்டுவந்த சேவல் ஒன்று ஜெப நேரத்திலும் அடங்காமல் கொக்கரித்துக்கொண்டிருந்தது. வாலிபர் சங்கத்துப் பிள்ளை ஒருத்தி கிற்றாரோடு எழும்பி வந்தாள்.

“அடுத்ததா இந்தியாவிலை இருந்து வந்த ஒரு அருமையான பாட்டுப் படிக்கப்போறம். புது ஸ்டைல். பெரியாக்களுக்கு முதலிலை கொஞ்சம் கஷ்டமா இருக்கும். நாங்கள் ஒருக்காப் படிச்சுக் காட்டுறம், கேட்டுப் பழகுங்கோ.”

“யாரது வாசலில், யாரது வாசலில்” என்று தொடங்கினார்கள். முதல் வரியிலேயே எனக்குக் காது சூடாகிவிட்டது. மெட்டு எங்களுடையது. வெட்டி வெட்டிப் போகும் அந்தத் தாளம் எங்களுடையது. ஒவ்வொரு அடி முடிவிலும் ஓடி ஏறிச் சறுக்கி இறங்கும் அந்தச் சின்னக் கீபோர்ட் துண்டு, கொக்குவிலில் எங்கள் வீட்டுக் கூடத்தில் என் வலது கை கண்டுபிடித்தது. சொற்களை மட்டும் கழுவித் துடைத்து உடுப்பு மாற்றியிருந்தார்கள். அண்ணை எழுதியது ‘ஆரது படலையில், ஆரது படலையில், மழையிலை நனைஞ்சுகொண்டு நிக்கிறது?’ என்று. யாழ்ப்பாணத்து வீட்டுக்கு முதலில் வருவது வாசலா? மதிலும் அதன் கதவான படலையும் அல்லவா வரும்? இயேசுவானாலும் படலைக்கு வெளியேதான் நிற்க வேண்டும், உள்ளே நாய் நிற்கும். அதுதான் அந்தப் பாட்டின் உயிரே. அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் பாடினார்கள்.

நான் அண்ணையைத் திரும்பிப் பார்த்தேன். தொண்டையில் சத்திரசிகிச்சை செய்தபின் அவருக்குக் குரல் இல்லை, காற்றுத்தான் வரும். அந்தக் காற்றால் அவர் ‘படலையில்’ என்றே பாடிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த பெண் திரையைச் சுட்டிக்காட்டி, சொல் பிழை என்று அவருக்குக் கைச்சாடை செய்தாள். அவரும் தலையை ஆட்டிவிட்டு ‘வாசலில்’ என்று மாற்றிக்கொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எண்பதுகளின் தொடக்கத்தில் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தோம். அண்ணை மெட்டுக் கட்டுவார், பேஸ் கிற்றார் வாசிப்பார், பாடுவார். நான் கீபோர்ட். தாளத்துக்கு அளவெட்டியில் இருந்து ஒருவன் சைக்கிளில் வருவான். பரம்பரையாகக் கோயில் வாத்தியக்காரர் வீட்டுப் பிள்ளை, தவிலை விட்டுவிட்டு டிரம்ஸில் வந்து விழுந்தவன். கிறிஸ்தவக் குழுவில் திருநீற்றுப் பூச்சோடு உட்கார்ந்திருப்பான். ‘தேவனுக்குப் பேதமில்லை’ என்று எங்கள் சபை ஞாயிறுதோறும் சொல்லும். ஆனால் அவன் நெற்றியைக் கண்டதும் முகத்தைச் சுளிக்கும்.

பெரியம்மாவின் மகன் லண்டனில் இருந்து வந்து போகும்போது ஒரு சின்ன மின்சாரக் கீபோர்டையும் கொஞ்சக் கசெற்றுகளையும் விட்டுவிட்டுப் போனான். அங்கே அப்போது நியூ வேவ் என்று ஒரு சங்கீதம். கிற்றார் கூச்சல் குறைவு, கீபோர்ட் முன்னுக்கு நிற்கும், தாளம் நடுவில் நறுக்கென்று நின்று மறுபடி தொடங்கும், பாடுகிறவர் கவலையே இல்லாத முகத்தோடு பாடுவார். கேட்ட நாளில் இருந்து அண்ணைக்கு வேறு நினைப்பில்லை. ‘ஒப்பாரி வைக்காமலும் தேவனைப் பாடலாம் எண்டு உவங்கள் காட்டிப்போட்டாங்கள்’ என்பார். அந்த லண்டன் ஆட்கள் தேவனைப் பாடவே இல்லை என்பது அவருக்கு ஒரு பொருட்டல்ல. கரண்ட் போனால் என் கீபோர்டும் போய்விடும். மற்ற இருவரும் குரலும் டிரம்ஸுமாக நிறுத்தாமல் போய்க்கொண்டே இருப்பார்கள், கரண்ட் வந்ததும் நான் நடுவில் பாய்ந்து ஏறிக்கொள்வேன்.

‘ஆரது படலையில்’ பாட்டை டவுனில் கசெற்றுக்குப் பாட்டு அடித்துக் கொடுக்கும் ஒரு ரெக்கோர்டிங் பாரில் பதிவு செய்தோம். கடைக்காரர் எங்களைப் பாவம் பார்த்து, மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு இடம் தந்தார். முடிந்ததும், “மற்றப் பக்கத்துக்கு என்ன?” என்று கேட்டார். எங்களிடம் உருப்படியாக இருந்தது அந்த ஒரு பாட்டுத்தான். “அதே பாட்டைப் போடுங்கோ” என்றார் அண்ணை. எப்பக்கம் திருப்பிப் போட்டாலும் அதே பாட்டு வரும் அந்தக் கசெற் தீயாய்ப் பரவியது. கரவெட்டிப் பக்கம் ஓடிய மினிபஸ் ஒன்றில் ஓயாமல் அதுதான் போகும். இறக்கம் வந்தால் கொண்டக்டர், ‘ஆரது படலையில்? இறங்குங்கோ!’ என்று எங்கள் மெட்டிலேயே கூப்பிடுவான். சைவச் சனம், சேர்ச்சுக்குப் போகும் வேதச் சனம் என்று வித்தியாசமில்லாமல் எல்லாரும் முணுமுணுத்தார்கள். அந்த ஒரு வருடம் நான் தெருவில் நடந்த நடை இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

எல்லாரும் பாடினார்கள், எங்கள் சபையைத் தவிர. பாட்டைத் தேவாலயத்தில் பாட உத்தரவு கேட்டு அண்ணை கமிட்டிக்குப் போனார். எங்கள் பாட்டுத் தாள்களைப் பார்த்திருப்பவர்களுக்குத் தெரியும், ஒவ்வொரு பாட்டின் தலையிலும் ‘மெட்டு’ என்று போட்டு வேறொரு பாட்டின் முதலடி இருக்கும். புதுப் பாட்டு என்றால் புதுச் சொற்கள், அவ்வளவுதான். மெட்டு என்பது ஏற்கெனவே எங்கோ இருக்கிற சாமான், அதை எடுத்து வருவதுதான் முறை. ஆகவே கமிட்டி கேட்ட முதல் கேள்வி, “உது எந்தப் படத்து மெட்டு?”

“படத்து மெட்டில்லை. என்ரை மெட்டு” என்றார் அண்ணை.

“உன்ரை எண்டால்? எதிலை இருந்து எடுத்தனி?”

“ஒண்டிலையும் இருந்து எடுக்கேல்லை. நான் போட்டது.”

“அது சரி தம்பி, நீ போட்டாய். எதைக் கேட்டுப் போட்டனி? சும்மா ஒரு மெட்டு வருமே?”

இப்படியே பின்னேரம் முழுக்கப் போயிருக்கிறது. ஒருவர், அதைத் தான் ஒரு ஹிந்திப் படத்தில் கேட்டதாகச் சத்தியமே பண்ணினாராம். கடைசியில், மெட்டு என்ற இடத்தை வெறுமையாக விட்டுப் பாட்டை அச்சடிக்கும் வழக்கம் இல்லை என்று சொல்லிப் பாட்டையே தள்ளிவிட்டார்கள். வேறொன்றைப் பார்த்துப் போட்டோம் என்று அண்ணை ஒரு பொய் சொல்லியிருந்தால் பாடவிட்டிருப்பார்கள். உண்மையைச் சொன்னதால் உள்ளே விடவில்லை. இதை எந்த வேதத்தில் எழுதியிருக்கிறது என்று நான் இன்றைக்கும் கேட்கிறேன்.

பிறகு நாடு கெட்டது. பொழுதுபட்ட பின் படலை தட்டப்பட்டால் வீட்டில் ஒருவரும் மூச்சு விடாத காலம் வந்தது. ‘ஆரது படலையில்’ என்று வாய் திறந்து பாட யாருக்கு மனம் வரும்? எங்களுக்கே வரவில்லை. அளவெட்டிக்காரன் நோர்வேக்குப் போய்விட்டான். பெரிய இடப்பெயர்வில் வீட்டை விட்டு ஓடியபோது கீபோர்டும் கசெற்றும் போயின, திரும்பி வந்து பார்த்தால் கூரையும் இல்லை. படகில் இந்தியாவுக்குப் போனவர்கள் யாருடைய வாயிலோ அந்தப் பாட்டும் ஏறிப் போயிருக்க வேண்டும். அங்கே ஒரு பிரசங்கியார் அதைத் தன்னுடையதாகப் பாடி, யூடியூப்பில் போட்டு, அது கடல் தாண்டி எங்கள் வாலிபர் சங்கத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அவரைக்கூட நான் அதிகம் திட்டமாட்டேன். யாருடைய பாட்டென்று கேட்டுத் தெரிய அவருக்கு ஆள் இருந்திருக்காது. எங்கள் சபைக்கு ஆள் இருந்தது. மூன்றாவது வாங்கில், கழுத்தில் துவாயைச் சுற்றிக்கொண்டு.

கூத்தைக் கேளுங்கள். அன்றைக்கு எங்களுக்குத் தந்த பாட்டுத் தாளில் காணிக்கைப் பாட்டொன்றின் தலையில், ‘மெட்டு: யாரது வாசலில்’ என்று அச்சடித்திருந்தார்கள். அண்ணை போட்டால் மெட்டில்லை. கடல் கடந்து போய் வந்தால் மெட்டு!

எங்கள் பண்டிகை ஆராதனையில் பாட்டு முடிந்ததும் சாட்சி நேரம். யாரும் எழும்பித் தேவன் தனக்குச் செய்த நன்மையைச் சொல்லலாம். ஒருவருக்குச் சிறுநீரகக் கல் கரைந்திருக்கும், ஒருவரின் மகளுக்குச் சோதனையில் நல்ல பெறுபேறு வந்திருக்கும். இவ்வளவு காலத்தில் நான் ஒருநாளும் எழும்பியதில்லை. அன்றைக்கு எழும்பினேன். அண்ணை என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார். தட்டிவிட்டேன்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. வைத்தியர்கள் அண்ணையின் நாட்களைப் பற்றி என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தார்கள். அவர் கேட்கக்கூடியதாக இருக்கும்போதே இந்தச் சபை ஒருதரம், ‘இது இந்த மனிசன் கட்டின பாட்டு’ என்று வாயால் சொல்ல வேண்டும். அண்ணையிடம் இதைச் சொன்ன போதெல்லாம் அவர் கையை வீசி, “விடு பிள்ளை, பேர் என்னத்துக்கு?” என்பார். அவருக்கு வேண்டாமென்றால் போகட்டும், எனக்கு வேண்டும்.

“இப்ப படிச்சீங்களே, அது இந்தியாவிலை இருந்து வந்த பாட்டில்லை” என்று தொடங்கினேன். கணக்குப் படிப்பித்த தொண்டை, மைக் தேவைப்படவில்லை. “அது இந்தா இருக்கிற என்ரை அண்ணை கட்டினது. கொக்குவிலிலை, எங்கடை வீட்டிலை. கீபோர்ட் அடிச்சது நான். இதே சேர்ச்சிலைதான் அதைப் படிக்க விடேல்லை. இப்ப எங்களுக்கே பழக்குறியள். தேவன் என்ரை அண்ணைக்கு அந்தப் பாட்டைக் குடுத்தார், அதுதான் என்ரை சாட்சி. அதை ஆராவது எழும்பி ஓம் எண்டு சொல்லுங்கோ.”

சேவல்தான் கொக்கரித்தது. அந்தக் காலத்தில் அந்தப் பாட்டைப் பாடிப் பாடித் திரிந்த இரண்டு கிழடுகள் எனக்கு முன்வாங்கிலேயே இருந்து காலைப் பார்த்துக்கொண்டிருந்தன. போதகர் வெளியூர்க்காரர், நல்ல மனிதர், சிரித்த முகம்.

“ஸ்தோத்திரம் ரீச்சர்” என்றார் அவர். “பாட்டு ஆரின்ரை எண்டதே முக்கியம்? நாங்கள் எல்லாரும் வெறும் பாத்திரங்கள்தானே. மனுசற்றை பேர் மறையவேணும், மகிமை முழுக்கக் கர்த்தருக்கே போகவேணும். எல்லாரும் ஆமென் சொல்லுவம்.”

“ஆமென்” என்றது சபை. அடுத்தவர் எழும்பித் தன் மகனுக்குக் கனடா விசா கிடைத்த நன்மையைச் சொல்லத் தொடங்கினார்.

நான் கோபத்தில் அண்ணாந்து பார்த்தேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. தலைக்கு மேலே மின்விசிறி. அதன் இதழ் ஒவ்வொன்றிலும் சிவப்பு எழுத்தில், இன்னாரின் ஞாபகார்த்தமாகப் பிள்ளைகள், லண்டன். அடுத்த விசிறியில் பிள்ளைகள், சிட்னி. சுவர் மணிக்கூட்டில் ஒரு பெயர். நான் சாய்ந்திருந்த வாங்கின் முதுகில் ஒரு பெயர். போதகர் பிடித்துக்கொண்டு நின்ற பிரசங்க மேசையில், அவர் கைக்குக் கீழேயே, பித்தளைத் தகட்டில் ஒரு குடும்பமே இருந்தது. வெளியே தண்ணீர்த் தாங்கியில் பெயர், கழிப்பறைக் கதவிலும் பெயர். மனிதர் பெயர் மறைய வேண்டுமாம்! காற்று வீசுகிற சாமானுக்குப் பெயர் இருக்கலாம், வாயில் இருந்து வருகிற பாட்டுக்கு மட்டும் கூடாது.

தேத்தண்ணீர் குடிக்கும் இடத்தில் கமிட்டிக்காரர் ஒருவர் வந்து, “ஆதாரம் ஏதும் வச்சிருக்கிறியளோ? யூடியூப்பிலை அவர் தன்ரை எண்டெல்லோ போட்டிருக்கிறார்” என்றார். “ஆதாரம் பக்கத்திலை நிண்டு வடை தின்னுது, கேட்டுப் பாருங்கோ” என்றேன். அண்ணை வடையோடு நழுவி ஓட்டோ பிடிக்கப் போய்விட்டார்.

அடுத்த கிழமையே நான் ஒரு மின்விசிறி வாங்கினேன். நல்லது, மூன்று இதழ். கொக்குவிலில் பெயர்ப்பலகை எழுதுகிறவரிடம் கொண்டுபோனேன். இதழுக்கு ஒருவராக மூன்று பெயர், ஒவ்வொன்றின் கீழும் ‘ஆரது படலையில் பாட்டைக் கட்டிப் பாடியவர்’, ‘கீபோர்ட்’, ‘டிரம்ஸ்’ என்று எழுதச் சொன்னேன். அந்தப் பெயர்களை நான் இங்கே எழுதவில்லை. முதலில் எழுத வேண்டிய இடத்தில் சபை எழுதட்டும், பிறகு நான் எழுதுகிறேன் என்கிற வீம்புதான். நோர்வேக்குத் தொலைபேசி எடுத்து டிரம்ஸ்காரனிடம் சொன்னேன். “அக்கா, என்னையும் சேர்ச்சுக்குள்ளை தொங்கவிடப் போறியளோ?” என்று விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்து முடிந்து, தன் பெயரைப் பிழையில்லாமல் எழுதச் சொல்லி எழுத்தெழுத்தாகச் சொன்னான்.

எழுதுகிறவர் தூரிகையைத் தோய்த்துக்கொண்டு, “மறைவுத் திகதி என்ன அம்மா?” என்று கேட்டார்.

“ஒருத்தரும் மறையேல்லை. மூண்டு பேரும் இருக்கிறம்.”

“அப்ப ஏன் ஃபானிலை?” அவர் உண்மையாகவே குழம்பிப்போனார். நான் எழுதச் சொன்னதை எழுதுமாறு சொல்லி முன்னாலேயே நின்றேன்.

பெயிண்ட் காய்ந்ததும் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்ச் சபைச் செயலாளரிடம் கொடுத்தேன். என்னிடம் கணக்குப் படித்தவர், பண்பானவர், எழும்பி நின்றுதான் கதைப்பார். பெட்டியைத் திறந்து ஒவ்வொரு இதழாக எடுத்து வாசித்தார். டிரம்ஸ்காரனின் பெயர் வந்ததும், “இது எங்கடை ஆள் மாதிரி இல்லையே” என்றார். “காத்து வீசேக்கை வித்தியாசம் தெரியாது” என்றேன். சிரித்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“ரீச்சர், குறை நினையாதேங்கோ. உயிரோடை இருக்கிறவையின்ரை பேர் நாங்கள் போடுறேல்லை. ஞாபகார்த்தம் எண்டால்தான் போடலாம். பெருமைக்கு இடம் குடுக்கக்கூடாது எண்டு கமிட்டி எப்பவோ எடுத்த முடிவு.”

“அப்ப செத்தவைக்குப் பெருமை இல்லையோ?”

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பெட்டியை மெல்ல மூடினார். எனக்கு உதவி செய்கிற குரலில், தணிவாக, “நீங்கள் வச்சிட்டுப் போங்கோ ரீச்சர். பத்திரமா ஸ்டோர் றூமிலை வைக்கிறன். அந்த நேரம் வரேக்கை... நானே நிண்டு மேலை பூட்டுவிக்கிறன்” என்றார்.

எந்த நேரம் என்று கேட்க வாயெடுத்த பிறகுதான் எனக்கு விளங்கியது. என் அண்ணை செத்தால் அவர் பெயர் மேலே ஏறும். அதுவரைக்கும் கிழங்குச் சாக்குகளோடு ஸ்டோர் றூமில் கிடந்து காத்திருக்கும். நாற்பது வருடத்துக்கு முன் ஒரு கமிட்டி, மெட்டு எங்கிருந்தோ வர வேண்டும் என்றது. இந்தக் கமிட்டி, மனிதன் எங்கேயோ போக வேண்டும் என்கிறது. என் வாயில் வந்தது தேவாலய வளவுக்குள் சொல்லக்கூடாத சொல். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட்டோவுக்கு நடந்தேன். அவர் பின்னால் ஓடிவந்து பாரத்தை வாங்கப் பார்த்தார். கொடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் கூடத்திலேயே பூட்டுவித்தேன், அண்ணை பகலில் படுக்கிற சாய்மனைக் கதிரைக்கு நேர் மேலே. அவர் உள்ளே நித்திரை. எழும்பி வந்து கதிரையில் சரியும்போது நான் சுவரில் இருந்த விசிறி ஆளியைப் போட்டேன். பங்குனி வெக்கை, சுவர்கூடச் சுட்டது. விசிறி வேகம் எடுத்தது. அண்ணை அண்ணாந்து பார்த்துவிட்டுக் கையை உயர்த்தினார்.

“நிப்பாட்டு.”

சத்திரசிகிச்சைக்குப் பிறகு அவருக்குக் காற்றுப் பட்டால் தொண்டை வரளும், அதுதானாக்கும் என்று நினைத்து நிறுத்தினேன். விசிறி மெல்ல மெல்ல அடங்கி நின்றது. அண்ணை கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். முதல் இதழை வாசித்தார். தலையைத் திருப்பி இரண்டாவதை வாசித்தார், மூன்றாவதையும் வாசித்தார். பிறகு முதலாவதற்குத் திரும்பி வந்து அங்கேயே நின்றுவிட்டார். பேர் என்னத்துக்கு, பேர் என்னத்துக்கு என்று இத்தனை வருடமாகக் கையை வீசிய மனிதர். நெற்றியில் இருந்து வியர்வை வழிந்து கண்ணாடிக்குள் போனது. துடைக்கவில்லை.

“அண்ணை, அவிஞ்சு போகப்போறியள். போடட்டோ?” என்று கேட்டேன்.

“பொறு” என்றார் அந்தக் காற்றுக் குரலில். “சுத்தினால் வாசிக்கேலாது.”

நான் ஆளியில் இருந்து கையை எடுத்துவிட்டு அவருக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.